லாக் இலாகா கண்மணி

ஃபிரிஸ்கோவில் கண்மணியைத் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று தெரிந்த குடும்பம் அதைவிடக் குறைவு. பிறந்தநாள் விருந்துகளில் யாராவது ஓர் ஆன்ட்டி பேச்சைத் தொடங்குவார்.

"நீ எதுலம்மா இருக்க? ஜாவாவா, டேட்டாவா, இல்ல இப்ப எல்லாரும் சொல்றாங்களே அந்த ஏஐயா?"

"லாகிங் ஆன்ட்டி."

"அப்படின்னா?"

"சர்வர் என்னென்ன செய்யுதுன்னு அதுவே எழுதி வச்சுக்கும் ஆன்ட்டி. அதுக்குப் பேரு லாக். எவ்வளவு எழுதணும், எங்க எழுதணும், பழசை எப்ப அழிக்கணும்னு நான் செட் பண்ணுவேன்."

ஆன்ட்டி கண்களைச் சுருக்கி ஒரு கணம் யோசிப்பார். பிறகு, "நல்லது, நல்லது. கேசரி எடுத்துக்கிட்டியா?" என்பார்.

ஒருமுறை விசாவைப் புதுப்பிக்கப் போயிருந்தபோது, கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருந்த அதிகாரி அவளுடைய தாள்களைப் புரட்டிவிட்டு, வடக்கு டெக்சாஸில் அவ்வளவு மரங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். ஆங்கிலத்தில் மரம் வெட்டும் தொழிலுக்கும் லாகிங் என்றுதான் பெயர். கண்மணி விளக்கிச் சொன்னாள். அவருக்குப் புரிந்ததா, அலுத்துப் போனதா தெரியவில்லை, விசா கிடைத்தது.

கண்மணிக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. மதுரையில் எஞ்சினியரிங் படித்து, சென்னைக் கம்பெனி ஒன்றின் ஆளாக டெக்சாஸுக்கு வந்து, கடைசியில் ரிச்சர்ட்சனில் இருக்கும் 'லோன் பிரெய்ரி மியூச்சுவல்' என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நிரந்தர வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டுக் கூரைக்கும் காருக்கும் இன்ஷூரன்ஸ் கொடுக்கிற கம்பெனி. கணவன் சிவராமகிருஷ்ணன் வீட்டிலிருந்தே வேறொரு கம்பெனிக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்பவன். ஒரே மகள் கயல், ஹைஸ்கூல். தமிழில் திட்டினால் முழுவதும் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

கம்பெனியின் முக்கியமான புரோகிராம்கள் எல்லாம் ஒரு பெரிய அப்ளிகேஷன் சர்வருக்குள் குடியிருந்தன. கூரை உடைந்தால் கிளெய்ம் போடுவது, காரில் அடிபட்டால் போட்டோ அனுப்புவது, எல்லாம் அதற்குள்தான். அந்த சர்வர் எவ்வளவு எழுதவேண்டும் என்பதற்குப் பல நிலைகள் உண்டு. குறைந்த நிலையில் வைத்தால் வீடு பற்றி எரிந்தால் மட்டும் எழுதும். அதற்கு மேலே வைத்தால் புகை வந்தாலும் எழுதும். நடுவில் வைத்தால் வாசலில் யார் வந்தார், யார் போனார் என்று எழுதும். உச்சத்தில் வைத்தால், வந்தவர் மூச்சை இழுத்தார், விட்டார், மறுபடி இழுக்கலாமா என்று யோசித்தார் என்பது வரைக்கும் எழுதும்.

கண்மணி அதை நடுவில் வைத்திருந்தாள். ஒரு ஃபைல் நிறைந்தால் அடுத்தது திறக்கும். இருப்பதிலேயே பழையது தானாக அழியும். வருஷக்கணக்காக இப்படியே ஓடியது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளுடைய வேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் அப்ரைசல் படிவத்தில் 'யாரும் கூப்பிடவில்லை' என்று எழுதுவதற்குக் கட்டம் இல்லை.

அவளுடைய வைஸ் பிரசிடென்ட் ராமசுப்ரமணியன். ஆபீசில் எல்லாருக்கும் ராம். மீட்டிங்கில் ஆங்கிலம்தான் பேசுவார், அதிலும் 'நீங்களெல்லாம்' என்பதற்கு டெக்சாஸ்காரர்கள் சொல்லும் 'யால்' அவ்வப்போது எட்டிப் பார்க்கும். காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் தமிழ் வரும். கண்மணியும் ஆங்கிலத்தில் பேசும்போது அவரை ராம் என்றுதான் கூப்பிடுவாள். அவர் தமிழுக்கு மாறிய நொடியில் அவள் வாயிலிருந்து தானாக 'சார்' வந்துவிடும். ஒரே மனிதர்கள், ஒரே அறை. ஆங்கிலத்தில் சமமாக இருந்தவர்கள் தமிழுக்கு வந்ததும் ஒருவர் நாற்காலியிலும் ஒருவர் நின்றுகொண்டும் இருப்பார்கள்.

ஒரு குளிர்காலத்தில், மீட்டிங் ஒன்றில், மேலே இருக்கிற பெரியவர் ஒருவர், போன வாரம் ஒரு காலையில் வெப்சைட் ஏன் கொஞ்சம் மெதுவாக இருந்தது என்று சும்மா கேட்டு வைத்தார். அவருக்கே பதில் தேவைப்படவில்லை. கேட்டுவிட்டு காபியைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆனால் ராமிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த நிமிடம் அவரை வாட்டியது. மீட்டிங் முடிந்ததும் கண்மணியைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. இனிமே சர்வர்ல எனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்கக் கூடாது. லாக் லெவலை மேக்ஸிமம் பண்ணிடு."

"சார், அது ஏதாவது ப்ராப்ளம் வந்தா கொஞ்ச நேரம் ஆன் பண்ணிப் பாக்கறதுக்கு. எப்பவும் ஆன்ல வச்சா சர்வர் வேலை பாக்கறதைவிட எழுதறதுதான் ஜாஸ்தியா இருக்கும்."

"ஸ்டோரேஜ் எல்லாம் இப்ப சீப்மா."

"டிஸ்க் ரொம்பிடும் சார். லாக் எழுதற டிஸ்க்லதான் சர்வரும் ஓடுது. தனி டிஸ்க் கேட்டிருந்தேன், அப்ரூவ் ஆகல."

"ரொம்பறதுக்கு முன்னாடி அலர்ட் வரும்ல?"

"வரும் சார்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் ஒன்றுமில்லை. கண்மணி லெவலை உச்சத்துக்கு ஏற்றினாள்.

இந்தச் செய்தி சட்டப் பிரிவுக்குப் போனது. அங்கே ஷெரில் என்று ஒரு வக்கீல் அம்மா. அருமையான மனுஷி, 'உங்கள் நாள் ஆசீர்வதிக்கப்பட்டதாக இருக்கட்டும்' என்று தொடங்காமல் ஒரு மெயிலும் எழுதமாட்டார். பழைய வழக்கு ஒன்று கோர்ட்டில் நடந்துகொண்டிருப்பதால், மறு உத்தரவு வரும்வரை எந்த லாகையும் அழிக்கக் கூடாது என்று எழுதினார். வழக்கு எதைப் பற்றியது, எந்த லாக் அதற்கு வேண்டும் என்று கண்மணி கேட்டாள். அது ரகசியம் என்று பதில் வந்தது. அந்த பதிலும் ஆசீர்வாதத்தோடுதான் தொடங்கியது. கண்மணி பழைய ஃபைல்கள் தானாக அழிவதை நிறுத்தினாள்.

அடுத்து செக்யூரிட்டி. அதைப் பார்த்துக்கொண்டவர் நூர் அகமது, கீழக்கரைக்காரர். எதையும் நிதானமாகப் பேசுவார். உச்ச நிலையில் எழுதப்பட்ட லாகில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு நேராக அவளுடைய இடத்துக்கே வந்தார்.

"கண்மணி, இதுல கஸ்டமரோட போன் நம்பர் இருக்கு, பிறந்த தேதி இருக்கு. ஒரு அம்மா பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சு, அப்புறம் சரியா அடிச்சிருக்காங்க. ரெண்டும் இருக்கு."

"எல்லாத்தையும் எழுதச் சொல்லிட்டாங்க நூர்."

"அது சரி. ஆனா இந்த மாதிரி லாக் கண்ணுல பட்டா உடனே அழிச்சிடணும். அது என் ரூல்."

"எதையும் அழிக்கக் கூடாதுன்னு ஷெரில் சொல்லியிருக்காங்களே?"

"அது அவங்க ரூல்."

"அப்ப நான் என்ன பண்றது?"

நூர் சற்று யோசித்தார். "கண்ணுல படாம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, எல்லாவற்றையும் எழுத வேண்டும், எதையும் அழிக்கக் கூடாது, எழுதியதை யாரும் பார்க்கக் கூடாது. மூன்று உத்தரவுகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற ஒரு வழிதான் இருந்தது. கண்மணி லாக் பக்கமே திரும்பாமல் இருந்தாள்.

டிஸ்க் நிறைய நிறைய அலர்ட் மெயில்கள் வரத் தொடங்கின. முதல் சில நாட்கள் அவள் அவற்றை எல்லாருக்கும் அனுப்பினாள். ராம் கட்டைவிரல் படம் போட்டார். ஷெரில் விடுமுறையில் இருப்பதாக ஆட்டோமேடிக் பதில் வந்தது. நூர், 'இது எனக்கு ஏன்?' என்று கேட்டார். அலர்ட் நிற்கவில்லை. அதனால் ஒவ்வொருவரும் தத்தம் மெயில்பெட்டியில், இந்த அலர்ட் வந்தால் நேராக வேறொரு ஃபோல்டருக்குப் போய்விடும்படி செய்துகொண்டார்கள். கடைசியாக கண்மணியும் செய்துகொண்டாள். 'அப்புறம்' என்று அந்த ஃபோல்டருக்குப் பெயர் வைத்தாள்.

மனசு உறுத்தாமல் இல்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் கணவன் சிவாவிடம் சொன்னாள்.

"இது என்னைக்காவது வெடிக்கும். இன்னொரு தடவை போய்ச் சொல்லட்டுமா?"

"நீ ஒரு தடவை சொல்லிட்டல்ல?"

"சொன்னேன்."

"மெயில்ல இருக்கல்ல?"

"இருக்கு."

"அப்புறம் விடு. கிரீன் கார்டு வரவரைக்கும் வாயைத் திறக்காம இரு."

கயல் டேகேரில் இருந்தபோது கண்மணியின் வேலையை வைத்துப் போட்ட கிரீன் கார்டு அப்ளிகேஷன் அது. இப்போது கயல் டிரைவிங் கற்றுக்கொண்டிருக்கிறாள். வரிசை அசைகிறதா என்று சிவா மாதாமாதம் அரசாங்க வெப்சைட்டைத் திறந்து பார்ப்பான்; சில மாதம் பின்னாலும் நகரும். ஃபிரிஸ்கோ அனுமன் கோயிலைச் சுற்றி வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த வரிசையில் நிற்பவர்கள்தான். கோயில் வரிசையாவது நகர்கிறது என்பது அவர்களுக்கு ஓர் ஆறுதல்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு மதியம் வானம் பச்சையாக மாறியது. டெக்சாஸில் இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். கண்மணி அன்று வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தாள். ஊரில் இருந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் புயல் எச்சரிக்கையோடு அலறின. முதலில் கோலிக்குண்டு அளவில் நாலைந்து விழுந்தன. பிறகு எலுமிச்சம்பழம் அளவில் ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியது.

சிவா காரை கராஜுக்குள் விட ஓடினான். கராஜில் கார் நிற்க இடமில்லை. மொத்தமாக வாங்கிய பேப்பர் டவலும் அரிசி மூட்டையும் நின்றன. திரும்ப ஓடிவந்து கையில் கிடைத்த மெத்தைப் போர்வையை எடுத்துக்கொண்டு போய்க் கார்மேல் போர்த்தினான். தலையில் ஒரு சமையல் சட்டியைக் கவிழ்த்திருந்தான்.

"டாட்! தட்ஸ் மை கம்ஃபர்ட்டர்!" என்று மாடியிலிருந்து கயல் கத்தினாள்.

"உனக்கு வேற வாங்கித் தரேன்டி! காருக்கு வேற கண்ணாடி யாரு வாங்கித் தருவா?"

"இன்ஷூரன்ஸ்!" என்றாள் கயல்.

ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது. ஆலங்கட்டி நின்று, புல்வெளியில் கிடந்த ஐஸ் கரைவதற்குள், கூரை போடும் கம்பெனிகளின் பிக்கப் டிரக்குகள் தெருவில் வரிசையாக நுழைந்துவிட்டன. மக்கள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்து, போனைத் தூக்கிக் கூரையைப் படம் எடுத்து, லோன் பிரெய்ரியின் ஆப்பில் ஏற்றினார்கள். பிளேனோவிலும் ஆலனிலும் மக்கின்னியிலும் அதேதான். சர்வர் ஒவ்வொரு படத்தையும் வாங்கியது. வாங்கப் போகிறேன் என்று எழுதியது, வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியது, வாங்கிவிட்டேன் என்று எழுதியது, வாங்கியதைச் சரிபார்த்ததையும் எழுதியது. கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது.

கண்மணியின் போன் அடித்தது. ராம்.

"கண்மணி, என்னம்மா ஆச்சு?"

அவர் எடுத்த எடுப்பிலேயே தமிழ் பேசியதும், காரியம் பெரிது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கான்ஃபரன்ஸ் காலில் கம்பெனியின் பாதி சேர்ந்திருந்தது. யார் வீட்டு நாயோ குரைத்தது. எல்லாரும் மியூட்டில் போடுங்கள் என்று ஒருவர் மியூட்டில் போடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். எப்போது சரியாகும் என்று கேட்பதற்கு மட்டும் பல மேனேஜர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் கேட்டு முடித்ததும் அடுத்தவர் அதையே வேறு வார்த்தைகளில் கேட்டார். கண்மணி சர்வருக்குள் நுழைந்து பார்த்தாள். டிஸ்க்கில் ஓர் எழுத்துக்குக்கூட இடமில்லை.

ராம் அவளுடைய இன்னொரு போனில் தனியாக வந்தார்.

"லாக்ல என்னம்மா போட்டிருக்கு? ஏன் நின்னுச்சாம்?"

"அதைப் பத்தி லாக்ல ஒண்ணும் இல்ல சார்."

"எல்லாத்தையும் எழுதச் சொன்னேனே!"

"எழுதிச்சு சார். டிஸ்க் ரொம்பற வரைக்கும் எல்லாத்தையும் எழுதிச்சு. டிஸ்க் ரொம்பிடுச்சுன்னு எழுதறதுக்கு மட்டும் எடம் இல்ல."



"சரி, பழசை டெலீட் பண்ணு."

"ஷெரில் சொல்லணும் சார்."

ஷெரிலைப் பிடித்தார்கள். அவர் சுங்கச் சாலையை ஒட்டி ஒரு பெட்ரோல் பங்க் கூரைக்குக் கீழே காரை நிறுத்தி ஒதுங்கியிருந்தார். அங்கே இன்னும் ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது. தகரத்தில் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே அவருடைய குரல் துண்டு துண்டாக வந்தது. லாகை அழிக்கலாமா என்று எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். "டூ நாட்..." என்று ஷெரில் தொடங்கியதும் லைன் போய்விட்டது.

"டூ நாட்னு தெளிவா கேட்டுது" என்றார் ராம்.

"டூ நாட் என்னன்னு கேக்கலையே சார். டூ நாட் டெலீட்டா, டூ நாட் வொர்ரியா?"

இதைப் பற்றி கான்ஃபரன்ஸ் காலில் ஒரு விவாதம் நடந்தது. இரண்டு மேனேஜர்கள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம்.

லாக் லெவலையாவது இறக்கலாம் என்றால், அதற்கும் முறை இருந்தது. சர்வரில் எதை மாற்றவேண்டும் என்றாலும் ஒரு வெப்சைட்டில் விண்ணப்பித்து, வியாழக்கிழமை கூடும் கமிட்டியில் அனுமதி வாங்கவேண்டும். அவசரம் என்றால் அவசர அனுமதி உண்டு. அதற்கும் அதே வெப்சைட்தான். அந்த வெப்சைட் நின்றுபோன சர்வருக்குள்தான் குடியிருந்தது. இதைக் கண்மணி சொன்னபோது, அந்த வெப்சைட் எப்போது சரியாகும் என்று ஒரு மேனேஜர் கேட்டார்.

ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர்வீட்டுக் கூரையில் ஓடுகள் பெயர்ந்து, அடியில் இருந்த பலகை தெரிந்தது. அந்த வீட்டுக்காரர் கைக்குழந்தையோடு புல்வெளியில் நின்று, போனை மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தார். வடமேற்கில் வானம் இன்னும் இருண்டிருந்தது. மாடியிலிருந்து கயல், "மாம், இட்ஸ் டிரிப்பிங் இன் மை ரூம்" என்றாள். சிவா சட்டியைத் தலையிலிருந்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

கண்மணிக்கு ஆத்திரமாக வந்தது. ராம்மேலா, ஷெரில்மேலா, தன்மேலேயேவா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. மியூட்டை எடுத்தாள்.

"நூர், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

அத்தனை பேரும் கேட்கும்படி ஆங்கிலத்தில் கேட்டாள். இந்தக் குளிர்காலத்திலிருந்து எழுதப்பட்ட லாகுகளில் வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்கள் இருக்கின்றன. அவற்றை இப்போது என் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் விதிப்படி நான் என்ன செய்யவேண்டும்?

நாய் மறுபடி குரைத்தது. நூர் தொண்டையைச் செருமினார். விதிப்படி, உடனே அழிக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"தேங்க் யூ" என்றாள் கண்மணி.

சர்வரை முழுவதுமாக நிறுத்தினாள். கோர்ட்டுக்கு வேண்டியிருக்கலாம் என்று பழைய லாகுகளைத் தொடவில்லை. லெவலை ஏற்றிய பிறகு குவிந்தவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தாள். விரல் என்டர் கீயின்மேல் நின்றது. கிரீன் கார்டு, அதைப் பார்த்துக்கொள்ளும் அட்டர்னி, கயலின் காலேஜ் என்று ஒவ்வொன்றாக மனசில் வந்தன. எதிர்வீட்டுக்காரர் இன்னும் போனைத் தட்டிக்கொண்டிருந்தார். அழுத்தினாள். லெவலைப் பழையபடி நடுவுக்கு இறக்கி, சர்வரை மறுபடி கிளப்பினாள். அவசரத்தில் பாஸ்வேர்டை ஒருமுறை தப்பாக அடித்தாள்.

சர்வர் எழுந்தது. கூரைப் படங்கள் மடைதிறந்த மாதிரி உள்ளே வந்தன. கான்ஃபரன்ஸ் காலில் யாரோ, 'கிரேட் டீம்வொர்க்' என்றார். எப்போது சரியாகும் என்று கேட்க அப்போதுதான் உள்ளே வந்த ஒரு மேனேஜர், தான் கேட்டதால் சரியானது என்று நம்பிவிட்டார்.

அடுத்த வாரம் விசாரணைக் கூட்டம். அதற்கு விசாரணை என்று பெயரில்லை; யாரையும் குறை சொல்லாமல் நடந்ததைப் புரிந்துகொள்ளும் கூட்டம் என்று முதல் ஸ்லைடிலேயே போட்டிருந்தது. இரண்டாவது ஸ்லைடில், அனுமதி இல்லாமல் மாற்றியவர் யார் என்று கேட்டிருந்தது. ஹெச்.ஆரிலிருந்து ஒரு பெண் மூலையில் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்.

ஷெரில், தான் அந்த வாக்கியத்தை எப்படி முடிக்க இருந்தேன் என்பது நினைவில்லை என்றார். ஒரு வக்கீலுக்கு நினைவில்லாமல் இருப்பதே பாதுகாப்பான நிலை என்றும் சொல்லிச் சிரித்தார். நூர், தன்னிடம் விதி என்ன என்று கேட்டார்கள், தான் விதியைச் சொன்னேன், யாரையும் எதையும் அழிக்கச் சொல்லவில்லை என்றார். சொல்லும்போது மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராம், லெவல் உச்சத்தில் இருந்ததன் விளைவுகள் தனக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லப்படவில்லை என்றார். அத்தனையும் அழகான ஆங்கிலம்.

கண்மணி கையைத் தூக்கினாள். வீட்டில் சிவாவோடு ஒத்திகை பார்த்துவிட்டு வந்தது வேறு. அதில் 'மெயிலில் இருக்கிறது' என்ற வாக்கியம் பலமுறை வரும். அவள் அதைச் சொல்லவில்லை.

"லெவலை இறக்கியது நான். லாகை அழித்ததும் நான்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "ஏற்றச் சொன்னது ராம். ஏற்றியது நான். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். ராம் 'அப்புறம் என்ன' என்று கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். இன்னொரு முறை சொல்லியிருக்கவேண்டும். டிஸ்க் நிறைகிறது என்று வந்த அலர்ட்டை இந்த அறையில் யாரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. படிக்காமல் இருப்பதற்கு ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன்."

முதல் தடவையாக, ராம் இருக்கிற அறையில் அவளுக்கு வியர்க்கவில்லை.  குறை சொல்லக் கூடாத கூட்டத்தில் ஒருத்தி தன்னையே குறை சொல்லிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு ஸ்லைடு இல்லை. கடைசியில் ஒருவர், "என் ஸ்கிரீன் எல்லாருக்கும் தெரிகிறதா?" என்று கேட்டார்.

அறிக்கை வெளிவந்தது. பழுதுக்கு மூல காரணம்: ஆலங்கட்டி மழை. துணைக் காரணம்: வாடிக்கையாளர்களின் எதிர்பாராத ஆர்வம். பரிகாரம்: பெரிய டிஸ்க் வாங்குவது, லாகிங்கை மேம்படுத்த ஒரு கமிட்டி அமைப்பது. கமிட்டியின் தலைவர் ராம். உறுப்பினர் பட்டியலில் கண்மணியின் பெயர் இல்லை. பிறகு யாரோ கவனித்து, மினிட்ஸ் எழுதுவதற்காகச் சேர்த்தார்கள்.

அதே வாரம் ஹெச்.ஆரிலிருந்து அவளுக்கு இரண்டு மெயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது, அனுமதியில்லாமல் சர்வரை மாற்றியதற்கு எழுத்துபூர்வமான எச்சரிக்கை. இரண்டாவது, நெருக்கடியில் சமயோசிதமாகச் செயல்பட்டதற்கு விருது. இரண்டிலும் ஒரே கையெழுத்து.

சிவா இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தான். "இதுல எதை ஃப்ரேம் போடறது?"

"விளையாடாதீங்க. அட்டர்னிகிட்ட கேட்டீங்களா? வார்னிங் வந்தா கிரீன் கார்டுக்கு ஏதாவது ஆகுமா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"இட் டிபெண்ட்ஸ்-னார். அதுக்கு பில்லும் அனுப்பிட்டார்."

ஆபீசில் ராம் அதற்குப் பிறகு அவளிடம் தமிழில் பேசவில்லை. முதல் இரண்டு நாள் அவளுக்கு உறுத்தியது. பிறகுதான் தெரிந்தது, இப்போது அவர் கேட்பதற்கு அவள் முடியும், முடியாது என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் 'நோ' என்ற சொல் சின்னது. அதற்குப் பின்னால் 'சார்' ஒட்டவேண்டிய கட்டாயம் இல்லை. கமிட்டியின் முதல் கூட்டத்தில் லாகிங்கை முழுவதுமாக அணைத்துவிடலாமே என்று ராம் யோசனை சொன்னபோது, மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்த அவள் தலையைத் தூக்காமலே "நோ" என்றாள். அதையும் மினிட்ஸில் எழுதினாள்.

நூர் ஒரு நாள் மதியம் ஒரு டப்பாவோடு வந்தார். ஊரிலிருந்து வந்த தொதல் என்ற இனிப்பு; கறுப்பாக, நெய் மினுங்கியது.

"அன்னைக்கு மீட்டிங்ல நான் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்" என்றார்.

"பேசியிருக்கலாம்" என்று கண்மணி ஒப்புக்கொண்டாள்.

"மனசு கேக்கல."

"ஒரு மெயில் போட்டுடுங்க நூர். ஃபோல்டர் வச்சிருக்கேன்."

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அவள் தொதலில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள்.

விருது என்பது ஒரு கிஃப்ட் கார்டு. ஊரின் பெரிய ஸ்டேக் ஹவுஸ், அதாவது மாட்டிறைச்சி ஓட்டல் ஒன்றில் குடும்பத்தோடு சாப்பிடலாம். கண்மணியின் வீடு சுத்த சைவம். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான் சிவா. "நான் சம்பாதிச்சது, நாம போறோம்" என்றாள் கண்மணி. வெள்ளிக்கிழமை மூவரும் போனார்கள். சுவரில் ஒரு காளையின் தலை மாட்டியிருந்தது. சிவா அதற்கு முதுகைக் காட்டி உட்கார இடம் மாறினான்.

வெயிட்டர் பையன் வந்து, இன்று மாட்டிறைச்சியில் என்னென்ன வெட்டு வந்திருக்கிறது என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான். கண்மணி தனக்கும் கணவனுக்கும் சுட்ட உருளைக்கிழங்கும் சாலடும் சொன்னாள். அவன் முகம் வாடியது. கயலைப் பார்த்தான்.

"ஸிர்லாயின், மீடியம் ரேர், ப்ளீஸ்" என்று அவன் ஒப்பித்ததில் ஒன்றைச் சொன்னாள் கயல், மெனுவைத் திறக்காமலே.

சிவா மகளைப் பார்த்தான், மெனுவைப் பார்த்தான், திரும்பிக் காளையையும் பார்த்தான்.

"எப்பேர்ந்துடி இது?"

"சின்ஸ் மிடில் ஸ்கூல், டாட். மாம் நோஸ்."

சிவா மனைவி பக்கம் திரும்பினான். கண்மணி துண்டை மடியில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இத்தனை வருஷம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க கேக்கலியே" என்றாள் கண்மணி. ரொட்டிக் கூடையை அவன் பக்கம் தள்ளி, சூடு ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னாள்.